கீர்த்தனைக்கு அனிமேஷன் செய்வது எப்படி: தாளக் கணக்கு முதல் அரங்கத் திரை வரை

பெங்களூரில் இந்த வேலைக்கு இரண்டு பக்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள். ஒயிட்ஃபீல்டு, கோரமங்களா பக்கம் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் அனிமேட்டருக்குக் கை ஓடும், தாளம் பிடிபடாது. மல்லேஸ்வரத்திலோ அல்சூரிலோ பத்து வருடம் பாட்டு கற்றவருக்குத் தாளம் தொடையிலேயே இருக்கும், ஃபிரேம் கணக்கு புதிது. இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள்: பாட்டைப் பிரித்து வைக்கும் முன்பே வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கீழே உள்ள வரிசையில் வரைவது பத்தாவதாக வருகிறது. அதற்கு முந்தைய ஒன்பதையும் ஒழுங்காகச் செய்தால், கேட்கும்போது நழுவிப்போகும் சங்கதியையும் (ஒரே வரியின் மாறிவரும் வடிவம்) கமகத்தையும் (ஸ்வரத்தின் அசைவு) தீர்மானத்தையும் (மூன்று தடவை வந்து முடியும் தாளக் கோவை) படம் பிடித்துக் காட்டும். செய்யாவிட்டால் பாட்டு ஒரு பக்கம் ஓடும், படம் ஒரு பக்கம் ஓடும்.

கணக்கு புரிவதற்காக ஒரே உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். ஆதி தாளம், ஒரு களை (கையின் ஒவ்வொரு செய்கைக்கும் ஓர் அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் அலகு), நிமிடத்துக்கு 72 அட்சரம், 4 நிமிடப் பாட்டு, நொடிக்கு 24 ஃபிரேம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்வரப்படுத்திய சாகித்யம், அதாவது ஸ்வரக் குறிப்போடு எழுதிய பாடல் வரிகள், வேண்டும். பாடுகிறவரே எழுதிக் கொடுத்தால் நல்லது. அச்சுப் புத்தகத்தில் இருக்கும் சங்கதியும் அவர் பாடாந்தரத்தில் (குரு வழியில் கற்ற வடிவத்தில்) வரும் சங்கதியும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. காற்புள்ளி ஓர் எண்ணிக்கை நீட்டல், அரைப்புள்ளி இரண்டு எண்ணிக்கை. அனிமேட்டர் இதை மட்டும் தெரிந்துகொண்டாலே தாளைப் பார்த்துப் பின்தொடர முடியும்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒலியைக் குறிக்க ஆடாசிட்டி, வரைய க்ரிட்டா அல்லது ஓபன்டூன்ஸ் அல்லது பிளெண்டர், எல்லாமே இலவசம். செலவு இரண்டு பொருளுக்குத்தான்: ஒயர் உள்ள ஹெட்ஃபோன், ஒரு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க். பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் இரண்டும் கிடைக்கும். ஒரு படம் 2 எம்.பி. என்று வைத்தாலே 4 நிமிடத்தின் 5,760 ஃபிரேமும் 11 ஜி.பி.யைத் தாண்டும். அடுக்கடுக்காக வெளியே எடுக்கும்போது அது பல மடங்காகும்.

பாடத் தெரிந்த ஒருவரின் நேரமும் வேண்டும். தாளம் குறிக்கும்போது ஒரு மணி நேரம், அனிமேட்டிக் (ஒலியோடு ஓடும் கிறுக்கல் முன்னோட்டம்) பார்க்கும்போது ஒரு மணி நேரம். இதை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

1. பாட்டைத் தேர்ந்தெடுத்து உரிமையை உறுதி செய்வது

முதல் தடவைக்கு ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம் என்று மேடையிலேயே கற்பனை செய்து பாடும் பகுதி எதுவும் இல்லாத, மத்திமகாலத்தில் போகும் சின்னக் கீர்த்தனையாக எடுங்கள். பல்லவியில் நான்கு சங்கதிக்குக் குறையாமல் இருக்கட்டும். காரணத்தை ஆறாவது படியில் சொல்கிறோம். பிடித்த பாட்டு என்பதற்காக இருபது நிமிடக் கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்கிறவர்கள் முதல் மூன்று நிமிடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

உரிமையில் மூன்று அடுக்கு உண்டு. சாகித்யம், மெட்டு, ஒலிப்பதிவு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி பாடலுக்கும் மெட்டுக்கும் இயற்றியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளுக்குச் சிக்கல் இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல், ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை அனுமதி வேண்டும்.

இங்கே அதிகம் தவறுவது தாசர் பதங்களில் (புரந்தரதாசர் போன்ற ஹரிதாசர்களின் கன்னடப் பாடல்களில்). சாகித்யம் பல நூற்றாண்டு பழையது, சரிதான். ஆனால் இன்று மேடையில் பாடும் மெட்டு இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் போட்டதாக இருக்கலாம். அந்த மெட்டுக்குத் தனி உரிமை உண்டு. பாடகரிடம் ‘இது யார் பாடாந்தரம், மெட்டு யாருடையது’ என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாத்தியக்காரர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நிகழ்த்துபவருக்கும் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

2. ஒலிப்பதிவு

கச்சேரிப் பதிவை எடுத்து வேலை செய்வது கடைசி வழி. முடிந்தால் புதிதாகப் பதிவு செய்யுங்கள்: வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்பூரா நான்கும் தனித்தனி டிராக்காக. கமகத்தின் வளைவை ஏழாவது படியில் எடுக்கும்போது குரல் தனியாக இல்லையென்றால், கூடவே வாசிக்கும் வயலினையும் குரலையும் மென்பொருள் குழப்பிக்கொள்ளும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. எம்.பி.3 வேண்டாம். அது கோப்பின் தொடக்கத்தில் துளி வெற்று நேரத்தைச் சேர்க்கும். ஒரு மென்பொருள் அதை நீக்கும், இன்னொன்று நீக்காது. பிறகு இரண்டிலும் குறிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

பாடுகிறவர் தாளம் போடும் சத்தத்தைத் தனியாக ஒரு கைபேசியில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. அடுத்த படியில் பாதி வேலையை இது மிச்சமாக்கும்.

மெட்ரோனோம் வைத்துப் பாடச் சொல்லாதீர்கள். அனிமேட்டருக்கு வசதிதான், ஆனால் சாகித்யத்தின் மூச்சு போய்விடும். வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தோடு படம்தான் இணங்கிப் போக வேண்டும்.

3. தாளத்தைக் குறிப்பது

முதலில் கையால் போட்டுப் பழகுங்கள். ஆதி தாளம்: தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு அட்சரம், ஓர் ஆவர்த்தனம். முதல் தட்டு சமம். இரண்டு நாள் பாட்டோடு சேர்ந்து போட்டால் அனிமேட்டருக்கும் வந்துவிடும். இது வராமல் மேலே போகாதீர்கள். மென்பொருள் கண்டுபிடித்துத் தரும் ‘பீட்’ கர்நாடக இசையில் அடிக்கடி தவறும். மிருதங்கம் ஒவ்வொரு தட்டிலும் அழுத்தி வாசிப்பதில்லை, சில சமயம் வேண்டுமென்றே தட்டைத் தவிர்த்து வாசிக்கும்.

ஆடாசிட்டியில் பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு அட்சரத்துக்கும் கண்ட்ரோல்-எம் அழுத்தினால் ஒரு குறி விழும். இரண்டு முறை முழுதாகச் செய்யுங்கள். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, சமத்தில் விழுந்த குறிகளை மட்டும் மிருதங்க அடி கிளம்பும் புள்ளிக்கு நகர்த்துங்கள். விரல் எப்போதும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோதான் விழும். அதை அப்படியே விட்டால் படமும் விரலைப்போலத் தள்ளாடும்.

இனி, புதியவர் நூற்றில் தொண்ணூறு பேர் சறுக்கும் இடம். பாட்டின் முதல் எழுத்தைச் சமம் என்று எடுத்துக்கொள்வது. பாட்டு தொடங்கும் இடம் எடுப்பு. அது சமத்திலும் இருக்கலாம், அரை அட்சரம் தள்ளியும் இருக்கலாம், ஒன்றரை தள்ளியும் இருக்கலாம். நம் உதாரணத்தில் அரை அட்சரம் என்பது 10 ஃபிரேம். அரை இடத்து எடுப்பைச் சமமாகக் குறித்தால் படம் முழுக்க 10 ஃபிரேம் தள்ளி நிற்கும். ஒவ்வொரு அசைவும் இரண்டு தட்டுக்கு நடுவில் விழும். பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும், எது என்று சொல்லத் தெரியாது.

சந்தேகம் வந்தால் கைபேசியில் வாங்கிய தாளச் சத்தத்தோடு ஒப்பிடுங்கள். எடுப்புக்கு வேறு நிறத்தில் ஒரு குறி போட்டு, சமத்தையும் எடுப்பையும் எப்போதும் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

4. அட்சரத்தை ஃபிரேமாக மாற்றுவது

வாய்ப்பாடு எளிது: 1,440-ஐ வேகத்தால் வகுக்க வேண்டும். 60 வேகத்தில் அட்சரத்துக்கு 24 ஃபிரேம், 72-ல் 20, 80-ல் 18, 90-ல் 16, 96-ல் 15. நம் பாட்டில் ஓர் ஆவர்த்தனம் 160 ஃபிரேம். 4 நிமிடத்துக்கு 36 ஆவர்த்தனம். பல்லவி 12, அனுபல்லவி 8, சரணம் 12, மறுபடி பல்லவி 4 என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அட்சரத்துக்குள் நடை, அதாவது ஓர் அட்சரத்தை எத்தனை மாத்திரையாகப் பிரிப்பது என்பது. சதுஸ்ரத்தில் (நான்கு மாத்திரை) மாத்திரைக்கு 5 ஃபிரேம், கண்டத்தில் (ஐந்து) 4. திஸ்ரத்தில் (மூன்று) 6.67. இதை 7 என்று முழுமையாக்கிக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் ஆவர்த்தனத்தின் 24 மாத்திரைக்கு 168 ஃபிரேம் வரும். எட்டு ஃபிரேம் பிசகு, நொடியில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மாத்திரையையும் சமத்திலிருந்து நேராகக் கணக்கிட்டு, அந்த விடையை மட்டும் முழு எண்ணாக்குங்கள்: 7, 13, 20, 27, 33, 40. முழு எண்ணாக்கியதன் மேல் மறுபடி கூட்டக் கூடாது.

இதெல்லாம் திட்டத்துக்கான கணக்கு. உண்மையான ஃபிரேம் எண் மூன்றாம் படியின் குறிகளிலிருந்துதான் வர வேண்டும். பாட்டு 72-ல் தொடங்கி 76-க்கு ஏறினால் ஆவர்த்தனம் 160-லிருந்து 152 ஃபிரேமாகச் சுருங்கிவிடும். 160 என்றே நினைத்துப் பத்து ஆவர்த்தனம் வரைந்தால் மூன்று நொடிக்கு மேல் பின்தங்குவீர்கள். ஆடாசிட்டியின் குறிகளை எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து, நொடிகளை 24-ஆல் பெருக்கி, ஒரு அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சின்ன எச்சரிக்கை. பிளெண்டரும் ஓபன்டூன்ஸும் ஃபிரேமை 1-ல் தொடங்குகின்றன, க்ரிட்டா 0-வில். இடம் மாற்றும்போது ஒன்றைக் கூட்ட மறக்கக் கூடாது. மென்பொருள் ‘23.976’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி 24-ஐத் தேர்ந்தெடுங்கள். 24-க்கு எண்ணி வரைந்ததை 23.976-ல் ஓட்டினால் நாலாவது நிமிடத்தில் படம் கிட்டத்தட்ட 6 ஃபிரேம் பிந்தியிருக்கும்.

5. எந்த ஓசைக்கு எந்த அடுக்கு என்று முடிவு செய்வது

எல்லா ஓசைக்கும் ஒரே உருவம் ஆடினால் கண் களைத்துப்போகும். மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் (அடிக்கும்) ஒரு துள்ளல் வைப்பதை அனிமேட்டர்கள் மிக்கி மவுஸிங் என்பார்கள். புதியவர் வேலையில் முதலில் தெரிவது அதுதான். மூன்று அடுக்காகப் பிரித்துவிடுங்கள்: சுருதி, தாளம், ராகம்.

சுருதி பின்னணி. தம்பூராவின் நான்கு தந்தி மீட்டும் சுழற்சிக்கும் தாளத்துக்கும் சம்பந்தம் கிடையாது, அதன்பாட்டுக்கு ஓடும். பின்னணியைத் தாளத்தோடு கட்டினால் காட்சி மூச்சு முட்டும். 160-ஐ வகுக்காத ஒரு நீளத்தில் பின்னணிச் சுழற்சி வையுங்கள். 110 ஃபிரேம் சுழற்சி என்றால் அது மறுபடி சமத்தோடு சேர 1,760 ஃபிரேம், அதாவது 73 நொடி ஆகும். கண் அந்தத் திரும்பலைப் பிடிக்காது. நீரின் அசைவு, துணியின் இழை, காகிதத்தின் சொரசொரப்பு போதும்.

தாளம் நடு அடுக்கு. சமம் தெரிந்தால் போதும், எட்டு தட்டும் தெரிய வேண்டியதில்லை. மிருதங்கம் சர்வலகுவாக, அதாவது சிக்கலான கணக்கு இல்லாமல் சீராக, போகும்போது இந்த அடுக்கைச் சும்மா விடுங்கள். சும்மா இருந்தால்தான் தீர்மானம் வரும்போது எடுபடும்.

மாத்திரைக்கு ஒரு தடவை திரை பளிச்சிடுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். 72 வேகத்தில் சதுஸ்ர மாத்திரை நொடிக்கு 4.8 தடவை வரும். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் ஒளி, ஒளியால் வலிப்பு வருபவர்களுக்கு ஆபத்து.

ராகம் முன் அடுக்கு; குரலும் வயலினும் இதில் வரும். ‘இந்த ராகத்துக்கு என்ன நிறம்’ என்ற கேள்வியோடு தொடங்குகிறவர்கள் அதிலேயே ஒரு வாரம் கழிக்கிறார்கள். நிறம் கடைசியில் வரட்டும். ராகத்தின் அடையாளம் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது, எதை அசைக்கிறது, எதைத் தொட்டுவிட்டுப் போகிறது என்பதில் இருக்கிறது. அதெல்லாம் அசைவு, அனிமேஷனின் கைச்சரக்கே அதுதான்.

6. சங்கதி: ஒரே வரி, வளரும் படம்

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. பல்லவியின் ஒரே வரி மறுபடி மறுபடி வருகிறது; ஒவ்வொரு தடவையும் ஒரு திருப்பம் கூடுகிறது. அனிமேஷனிலும் ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப ஓடும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மாற்றம் சேரும். இரண்டுக்கும் இவ்வளவு பொருத்தமான இடம் வேறு எங்கும் இல்லை.

முதல் சங்கதிக்குக் குறைந்த கோட்டில் வரையுங்கள். ஒரு கோலத்தின் புள்ளியும் அடிப்படை இழையும் மாதிரி. இரண்டாவது சங்கதியில் மெட்டு எங்கே மாறுகிறதோ அந்த இடத்தில் மட்டும் இழை கூடட்டும். பொதுவாக வரியின் தொடக்கம் அப்படியே நிற்கும், பின்பாதியில்தான் சங்கதி முதலில் விரியும். ஆக 160 ஃபிரேமில் முதல் 80 பழையது, அடுத்த 80 புதியது. மாறாத இடத்தில் படமும் மாறாமல் இருந்தால்தான் கேட்பவர் ‘ஓ, இந்த இடம் மாறிவிட்டது’ என்று காதால் உணர்வார்.

எல்லாச் சங்கதிக்கும் புதுப்புதுக் காட்சி வைப்பது பெரிய தவறு. மரம், பிறகு மயில், பிறகு கோபுரம் என்று மாற்றினால் பாடகர் ஒரே வரியைத்தான் பாடுகிறார் என்பதே மறைந்துவிடும். கீர்த்தனையின் கட்டடம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

உழைப்பும் குறையும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தி வரைந்தால் ஆவர்த்தனத்துக்கு 80 படம். ஆறு சங்கதி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை, ஆக 12 ஆவர்த்தனம், 960 படம். முதல் சங்கதிக்கு 80, மற்ற ஐந்துக்கும் பின்பாதி மட்டும் 40 என்றால் 280 படத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இரண்டாம் தடவை பாடும்போது அப்படியே ஒட்டி வைக்காதீர்கள். குரல் எதையும் அச்சாகத் திரும்பப் பாடாது. ஒரு எழுத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கும், ஒன்றை முந்தி எடுத்திருக்கும். குறிகளைப் பார்த்து, படங்களை ஓரிரு ஃபிரேம் கூடவோ குறைவாகவோ நிறுத்துங்கள். படம் அதேதான், நேரம் குரலுடையது.

7. கமகத்தின் வளைவை எடுப்பது

ஸ்வரத்தை ஏணிப்படி மாதிரி காட்டுவது பியானோ இசைக்குப் பொருந்தலாம். இங்கே ஒரு ஸ்வரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. தோடியின் காந்தாரத்தைக் கேளுங்கள்: எழுத்தில் ‘க’ என்று ஓர் எழுத்து, குரலில் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சல். அதைத் தட்டைக் கோடாக வரைந்தால் அது தோடியே இல்லை.

குரல் டிராக்கை மட்டும் சோனிக் விஷுவலைசரில் திறந்து, சுருதிவளைவைக் கணிக்கும் பி-யின் (pYIN) என்ற செருகுநிரலை ஓடவிட்டால் வளைவு கிடைக்கும். ‘ச’ போன்ற உரசல் எழுத்துகளில் வளைவு தாறுமாறாகத் தெறிக்கும். அந்த இடங்களைக் காதால் கேட்டுக் கையால் திருத்துங்கள்.

திரையின் உயரத்தில் ஸ்வரத்தை வைக்கும்போது ஹெர்ட்ஸ் கணக்கில் வைக்கக் கூடாது. ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரட்டிக்கும். தாரஸ்தாயி திரையை விட்டே ஓடிவிடும், மந்தரஸ்தாயி தரையில் நசுங்கும். சென்ட் கணக்கில் வையுங்கள்: ஒரு ஸ்தாயிக்கு 1,200 சென்ட். மந்தர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி. 1,080 பிக்சல் உயரத் திரையில் 720 பிக்சலை அதற்கு ஒதுக்கினால் அரை ஸ்வரத்துக்கு (100 சென்ட்) 30 பிக்சல். தோடியில் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் நான்கு அரை ஸ்வரம் தூரம், அதாவது 120 பிக்சல். காந்தாரத்தின் ஊஞ்சல் அந்த எல்லைக்குள் ஆட வேண்டும். அதைப் பத்து பிக்சல் நடுக்கமாகக் குறைத்துக் காட்டினால் குரலுக்கும் கோட்டுக்கும் ஒட்டாது.

கம்பிதம் (ஸ்வரத்தை ஆட்டும் கமகம்) வரும் இடங்களில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனிப் படம் வரையுங்கள். ஓர் அசைவு கால் நொடியில் முடிந்தால் அதற்கு 6 ஃபிரேம். இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் மூன்று படம்தான் கிடைக்கும், வளைவு வெட்டி வெட்டித் தெரியும். ஜாருவுக்கு நேர்மாறு: சறுக்கலின் தொடக்கத்தையும் முடிவையும் தெளிவாக வரைந்து நடுவில் இரண்டு மூன்று இழுபட்ட படம் வைத்தால் போதும்.

வளைவை அப்படியே கோடாகத் திரையில் ஓட்டுவது படமாகிவிடாது, வெறும் வரைபடம். அந்த வளைவை எதன் அசைவாக்குவது என்பதில்தான் உங்கள் கை தெரியும்: விளக்குச் சுடரின் நுனி, முந்தானை ஓரம், அல்சூர் ஏரியில் விழுந்த வெளிச்சத்தின் நடுக்கம். வளைவை அந்தப் பொருளின் ஒரே ஒரு புள்ளியில் கட்டுங்கள். மற்ற பகுதி இரண்டு ஃபிரேம் தாமதமாகப் பின்தொடரட்டும். அப்போதுதான் கனம் வரும்.

8. தீர்மானத்துக்கு இடம் விடுவது

மூன்று தடவை வந்து சமத்தில் இறங்கும் தீர்மானம் கேட்பவரை நாற்காலி நுனிக்குக் கொண்டுவரும் இடம். படம் இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கலாம், தாளம் தெரியாதவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

‘த தி கி ண தொம்’ ஐந்து மாத்திரை. இடைவெளி இல்லாமல் மூன்று தடவை, 15 மாத்திரை. ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை, ஆகவே 17 கழித்துத் தொடங்க வேண்டும்: ஐந்தாவது அட்சரத்துக்கு ஒரு மாத்திரை தள்ளி. ஃபிரேமில் 85, 110, 135. இறங்குவது 160-ல், அடுத்த சமத்தில்.

மூன்று தடவையும் ஒரே அசைவைப் போடுங்கள். அளவு மட்டும் கூடலாம். மூன்றுக்கு மூன்று விதம் வைத்தால் மூன்று தடவை வந்தது என்பதே காதுக்கு எட்டாது. 85-க்கு முந்தைய ஒரு மாத்திரை முன் அடுக்கு அசையாமல் நிற்கட்டும். அந்த நிசப்தம்தான் ‘ஏதோ வரப்போகிறது’ என்று சொல்லும்.

தீர்மானம் எடுப்பில் போய் இறங்குவதும் உண்டு. அப்போது கணக்கைச் சமத்திலிருந்து அல்ல, எடுப்பிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

9. அனிமேட்டிக்கும் ஊமைச் சோதனையும்

ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும் இரண்டு மூன்று கிறுக்கல் படம், சமம், எடுப்பு, தீர்மானம் விழும் இடங்களில் மட்டும் சரியான நேரம். 36 ஆவர்த்தனத்துக்குச் சுமார் நூறு படத்தில் முடியும்.

ஒலியை அணைத்துவிட்டு, தாளம் தெரிந்தவரிடம் போட்டுக் காட்டுங்கள். இரண்டு ஆவர்த்தனத்துக்குள் அவர் கை சமத்தைப் பிடித்துத் தாளம் போடத் தொடங்க வேண்டும். பிடிக்காவிட்டால் தாள அடுக்கு மங்கல். முதல் ஆவர்த்தனத்திலேயே எட்டு தட்டும் தெரிந்துவிட்டால் அது அளவுக்கு மீறிச் சத்தம் போடுகிறது.

சாகித்யத்தின் சொல்லுக்குச் சொல் படம் வைத்திருக்கிறீர்களா என்றும் இங்கேயே பாருங்கள். ‘மலர்’ என்றவுடன் மலர், ‘பாதம்’ என்றவுடன் பாதம் வந்தால் பாட்டைப் படம் மொழிபெயர்த்துக்கொண்டே ஓடும், பாவத்துக்கு இடம் இருக்காது. ஒரு பகுதிக்கு ஒரு பிம்பம் போதும். அது சரணத்தில் வேறு அர்த்தம் கொள்ளட்டும்.

இந்தப் படியில் ஒரு காட்சியைத் தூக்கி எறிய ஐந்து நிமிடம் ஆகும். அடுத்த படிக்குப் பிறகு ஐந்து நாள்.

10. வரையும் வரிசை

முதல் ஃபிரேமில் தொடங்கி வரிசையாக வரைய வேண்டாம். கை பழகப் பழகத் தரம் ஏறும்; பல்லவி பழகாத கையிலும் கடைசி ஆவர்த்தனம் தேர்ந்த கையிலும் வரைந்ததாகத் தெரியும்.

அனுபல்லவியில் தொடங்குங்கள். கை செட் ஆனதும் தீர்மானங்கள், பிறகு கடைசிச் சங்கதி. கடைசிச் சங்கதிதான் முழுக் கோலம். அதை முதலில் முடித்துவிட்டு, முந்தைய சங்கதிகளுக்கு இழையைக் குறைத்துக்கொண்டே போவது சுலபம். வெறும் கோட்டில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனால் நாலாவது சங்கதியிலேயே திரை நிரம்பிவிடும், ஆறாவதுக்கு இடம் இருக்காது. சரணம் அடுத்து. பின்னணியும் நிறமும் கடைசி.

11. திரையில் எழுத்து

பெங்களூர் அவையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். சாகித்யத்தைக் காட்டுவதானால் தமிழிலும் கன்னடத்திலும் காட்டுங்கள். தெலுங்கு, சமஸ்கிருதச் சாகித்யத்தைத் தமிழில் எழுதும்போது பாட்டுப் புத்தகங்களில் போடும் க2, க3 என்ற எண்கள் திரையில் கண்ணைக் குத்தும். பாடுகிறவருக்குத்தான் அவை தேவை. எழுத்தைக் காட்டும் நேரம் எடுப்பிலிருந்து எண்ணப்பட வேண்டும், சமத்திலிருந்து வேண்டாம்.

சில மென்பொருளில் கொம்பும் ஓகாரமும் இடம் மாறி விழும். இங்க்ஸ்கேப்பில் எழுதிப் படமாக மாற்றிக் கொண்டுவருவது பாதுகாப்பு.

12. ஒத்திசைவைச் சரிபார்த்து அரங்குக்குக் கொண்டுபோவது

அடி விழும் படத்தை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வையுங்கள். நிஜ வாழ்க்கையில் ஒளி முதலில் வருகிறது, ஒலி பிறகு. ஒலி கொஞ்சம் பிந்தினால் மனம் பொறுத்துக்கொள்ளும், படம் பிந்தினால் உடனே தெரியும்.

புளூடூத் ஹெட்ஃபோனில் சரிபார்க்காதீர்கள். அதில் ஒலி இரண்டு முதல் ஐந்து ஃபிரேம் வரை பிந்தலாம். அதைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பின்னால் தள்ளுகிறவர்கள், சரியாக இருந்ததைக் கெடுக்கிறார்கள்.

அரங்கில் வேறு கணக்கு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். ஒரு ஃபிரேம் நேரத்தில் 14 மீட்டர். சௌடய்யா நினைவு அரங்கம் போன்ற பெரிய கூடத்தில் ஒலிபெருக்கி மேடையோரம் இருந்தால், 28 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு ஒலி இரண்டு ஃபிரேம் தாமதம். படம் ஏற்கெனவே இரண்டு ஃபிரேம் முந்தியிருந்தால் அவருக்கு நாலு ஃபிரேம் வித்தியாசம். ஆகவே அரங்கப் பிரதியில் முந்தலை எடுத்துவிட்டு நேராக வையுங்கள். புரொஜெக்டர் தன் பங்குக்குப் படத்தைப் பிந்த வைக்கும். ஆகவே அந்தக் கூடத்திலேயே, அந்தக் கருவியிலேயே, நடு வரிசையில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்தாக வேண்டும்.

இதற்கு ஒரு சின்னச் சோதனைக் கோப்பு தயார் செய்துகொள்ளுங்கள்: கறுப்புத் திரை, 20 ஃபிரேமுக்கு ஒரு தடவை ஒரு தட்டுச் சத்தமும் ஒரு வெள்ளைப் புள்ளியும். ஒரு நிமிடம் ஓட்டி, கையால் தாளம் போட்டுக்கொண்டே புள்ளியைப் பாருங்கள். புள்ளி பிந்தினால் ஒலிப்பலகையில் இருப்பவரிடம் எத்தனை மில்லிநொடி தாமதம் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு ஃபிரேமுக்கு 42. ராமநவமிப் பந்தல் மாதிரி பக்கவாட்டில் வெளிச்சம் வரும் இடமானால் கறுப்பு சாம்பலாகிவிடும். மெல்லிய கோடெல்லாம் மறையும். அங்கே கொண்டுபோகும் பிரதியில் முன் அடுக்கின் கோட்டை ஒரு சுற்று தடிப்பாக்கி, பின்னணியை இருட்டாக்காமல் வெளிர் நிறத்துக்கு மாற்றி எடுத்துப் போங்கள்.